பக்கத்து ரூம்காரர் என்று மட்டும் சொன்னேன்

ஐந்து வருடம் இருக்கும். அப்போது போர்ட் பிளேரில் பத்துபஸ்தியில் குடியிருந்தோம். ஏர்போர்ட்டுக்குப் பக்கத்தில் வரிசையாக எட்டு வாடகை ரூம். ஐந்தாவது எங்களுடையது. ஆறாவது அவருடையது.

எனக்கு எழுத்து அதிகம் வராது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அவரும் நானும் சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். இரண்டு அரசாங்கமும் பேசி ஆட்களைப் பிரித்துக்கொண்டபோது எங்கள் குடும்பங்கள் இந்தியாவின் பங்கில் வந்தன. மண்டபம் கேம்ப்பில் கொஞ்ச நாள் இருந்தோம். பிறகு மெட்ராஸில் கப்பல் ஏற்றி, கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் இறக்கினார்கள். எனக்கு ஐந்து வயது, அவருக்குப் பத்து. கப்பலில் நான் வாந்தி எடுத்துக் கிடந்தேன். அம்மாவும் அப்படியே கிடந்தாள். என்னைத் தூக்கிக்கொண்டு திரிந்தது அவர்தான். ஒரே கப்பலில் வந்தவர்கள் எங்களுக்குச் சொந்தம் மாதிரி. அண்ணே என்றுதான் கூப்பிடுவேன்.

சுனாமியில் வீடு போனது. தாள்களும் போயின. மிஞ்சியவர்கள் போர்ட் பிளேருக்கு வந்தோம். எனக்குக் கொத்து வேலை. அவருக்கு ஜங்லிகாட்டில் மீன் பெட்டிகளுக்கு ஐஸ் உடைக்கிற வேலை.

அந்த வருடம் என் மகள் நர்ஸிங் படிப்புக்கு மனு போட்டாள். தீவுக்காரர்களுக்கு ஒதுக்கிய சீட். அதற்கு லோக்கல் சர்டிபிகேட் வேண்டும். மனு எழுதிக் கொடுத்தவர், அப்பா பிறந்த இடம் சிலோன் என்று போட்டால் ஆயிரம் கேள்வி வரும், மெயின்லேண்ட் ஊர் ஏதாவது போடுங்கள் என்றார். திருச்சி என்று போடச் சொன்னேன். நான் பார்த்தே இராத ஊர். கீழே கையெழுத்தும் போட்டேன்.

பத்து நாள் கழித்து, வெளிநாட்டு ஆட்கள் யாரோ படகில் வந்து இறங்கிவிட்டதாகப் பேச்சு வந்தது. வாடகை ரூம்களில் போலீஸ் செக்கிங் நடந்தது. காலை நேரம். எல்லோரையும் வாசலில் நிற்க வைத்துக் கார்டு பார்த்தார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள்.

அவரிடம் ஆதார் இருந்தது. எங்கே பிறந்தீர்கள் என்று கேட்டார்கள். சிலோன் என்றார். ஆபீஸர் நிமிர்ந்து பார்த்தார். எப்போது வந்தீர்கள், வந்ததற்குத் தாள் எங்கே என்றார். கடல் கொண்டுபோய்விட்டது என்று இவர் அரைகுறை இந்தியில் சொன்னார். ஆபீஸருக்கு நம்பிக்கை வரவில்லை.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். முகத்தில் பயமில்லை.

"நாம ஒரே கப்பல்ல வந்ததை இவருக்கு இந்தியில சொல்லு தம்பி."

இவரைத் தெரியுமா என்று ஆபீஸர் என்னைக் கேட்டார். ஒரே கப்பல் என்றால் நானும் சிலோன். அப்போது மனுவில் போட்டது பொய். மகளுடைய சீட் போய்விடும் என்று நினைத்தேன்.

"பாஜூவாலா கம்ரா, ஸாப். கஹான் ஸே ஆயா, மாலூம் நஹி."

பக்கத்து ரூம். எங்கிருந்து வந்தார் என்று தெரியாது. அவ்வளவுதான் சொன்னேன். அவருக்கு அந்த அளவு இந்தி புரியும்.

அவர் சட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். மாற்றிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

நான்கு நாள் வைத்திருந்தார்கள். தாள் கிடைக்காவிட்டால் சிலோனுக்கே அனுப்பிவிடுவார்கள் என்று அவர் மனைவியிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். அங்கே அவருக்கு ஒருவரும் இல்லை. அந்த அம்மா தினமும் சோறு கட்டிக்கொண்டு போய் வந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரிதான் கேட்டாள்.

"நீங்க போயி ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

வேலை இருக்கிறது என்றேன். அதற்குப் பிறகு தட்டில் சோறு வைத்தாள். பேசவில்லை.

ஐந்தாம் நாள் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவரை விடுவதற்கு அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் கையெழுத்து வேண்டுமாம். ரூம் ஓனரும் நானும் போனோம். ஆபீஸர் சும்மா இருக்கவில்லை. தோட்டத்துப் பழைய ரெஜிஸ்டரை எங்கேயோ தேடி எடுத்திருந்தார். கப்பல் வாரியாகப் பெயர்கள். அவர் பெயர் இருந்தது. நாலு வரி தள்ளி என் அப்பா பெயர். அதற்குக் கீழே நான், வயது ஐந்து. ஆபீஸர் அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, தெரியாது என்றாயே என்றார்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த அண்ணன் எழுந்தார்.

"சோட்டா பச்சா தா, ஸாப். இஸ்கோ யாத் நஹி."

அப்போது சின்னப் பிள்ளை, இவனுக்கு ஞாபகம் இருக்காது என்கிறார். தனக்கு ஆபத்து என்று தெரிந்தும் பிறந்த இடத்தை மாற்றிச் சொல்லாதவர். எனக்காகப் பொய் சொன்னார்.

வெளியே வந்தோம். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. ரோட்டைக் கடக்கும்போது அவர்தான் கேட்டார்.

"பாப்பாவுக்கு சீட்டு வந்துருச்சா?"

எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மறுநாளே போய் மனுவைத் திருத்தினேன். பிறந்த இடம் சிலோன். மேஜையில் இருந்தவர் அந்த ரெஜிஸ்டரின் நகலை மட்டும் கேட்டார். சர்டிபிகேட் வந்தது. மகள் இப்போது நர்ஸ். பொய்யே தேவைப்பட்டிருக்கவில்லை.

யார் வருகிறார், யார் போகிறார் என்று அரசாங்கம் பார்க்கத்தான் செய்யும். சுற்றிலும் கடல். அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று எங்களைப் பிரித்ததும் அரசாங்கம்தான். அது சரியா என்று கேட்க எனக்குப் படிப்பு இல்லை. ஆனால் தாள் இல்லாதவனுக்கு, அவனைத் தெரிந்தவனின் வாய்தான் தாள். அந்த ஆபீஸர் தன் வேலையைச் செய்தார். நான் என் வேலையைச் செய்யவில்லை.

இப்போதும் யாராவது கேட்டால் என் கார்டை உடனே எடுத்துக் கொடுக்கிறேன். திரும்ப வாங்கும்போதுதான் கை கூசுகிறது.