அக்கா கண்டுபிடித்த கட்டி

மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார் அக்கா. “அழுக்கு கண்ணாடியில இருக்கா, வானத்துல இருக்கான்னு தெரியணும்ல?” என்பார். ஐம்பதைத் தொடும் அவர், எங்கள் ஆய்வுக்கூடத்தில் தலைவர் உட்பட எல்லாருக்கும் அக்காதான்.

தொலைநோக்கிப் படங்களில் விண்மீன் திரள்களின் வடிவத்தை அளப்பது அவர் வேலை. அவற்றின் ஒளி வரும் வழியில் கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் இருந்தால், அதன் ஈர்ப்பு அந்த ஒளியை வளைத்துவிடும். பின்னாலிருக்கும் திரள்கள் இம்மியளவு இழுபட்டுத் தெரியும். அந்த இம்மிகளைக் கூட்டித்தான் கரும்பொருள் எங்கே திரண்டிருக்கிறது என்று வரைபடம் போடுகிறோம். எங்கள் வரைபடத்தில் மூன்று கட்டிகள். பெரியது அக்கா கண்டது. ‘அக்கா கட்டி’ என்று பெயர் வைத்தோம். “டாக்டர்கிட்ட காட்டவா, பத்திரிகையில போடவா?” என்று சிரித்தார்.

கட்டுரை அனுப்ப வேண்டிய நாள். காலை ஒன்பதரை. தொலைநோக்கியின் கேமராவைப் பற்றி முந்தின வாரம் வந்த புதிய அளவீடுகளை வைத்து, யாரும் கேட்காமலே அக்கா ஒரு சோதனையை மறுபடி நடத்தினார். அளந்த வடிவங்களை நாற்பத்தைந்து டிகிரி திருப்பிக் கணக்கிட்டால், கரும்பொருளின் தடயம் மறைந்துவிட வேண்டும். மறையாவிட்டால் அது கேமராவின் கோளாறு. இரண்டு கட்டிகள் தேறின. அவருடையது தேறவில்லை.

தலைவரின் அறைக்கதவு திறந்தேதான் இருந்தது. மூன்று மேசை தள்ளியிருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

“அக்கா, நாப்பது பேரோட மூணு வருஷ உழைப்பு. பன்னெண்டு மணிக்கு அனுப்பியாகணும். இதையே தேடிட்டிருக்கிற அந்த இன்னொரு குழு முந்திக்கிட்டா?”

“முந்தட்டும்.”

“இது உங்களுக்கு மட்டும்தானே தெரியும்?”



“எனக்குத் தெரிஞ்சா போதாதா?”

கட்டுரை நின்றது. ஆறாம் நாள் அந்தக் குழு முந்திக்கொண்டது. சாப்பாட்டு மேசையில் அக்காவின் பக்கத்து நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. வீட்டிலிருந்து கணவர் அழைத்தால், “இன்னும் முடியலைங்க” என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவார். ஆனால் அளப்பதை நிறுத்தவில்லை.

பதினோராம் நாள் கோளாறு பிடிபட்டது. கேமராவின் ஒரு மூலை தன்மேல் விழுந்த படங்களையெல்லாம் ஒரே பக்கமாக இழுத்திருக்கிறது. அதைத் திருத்தியதும் மற்ற இரண்டும் முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தன. பெரிய கட்டி இருந்த இடம் வெறுமையாகிவிட்டது.

கூடத்தில் எல்லாரும் நிற்க, வரைபடம் திரையில் விரிந்தது. ‘அக்கா கட்டி’ என்ற பெயர் இன்னும் அதில் இருந்தது. தலைவர் தயங்கினார். “நானே எடுத்துடறேன்க்கா” என்று விசைப்பலகையை நோக்கிக் கை நீட்டினார்.

அக்கா அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தானே அழித்தார்.