வலது பக்கத்துக் கிளட்ச்

வெள்ளைச்சாமி கையுறை இல்லாமல் வண்டி எடுக்க மாட்டார். வெயில் மண்டையைப் பிளந்தாலும் மாட்டிக்கொள்வார். இடது கையுறையின் மூன்று விரலுக்குள் இருப்பது மிஷின் துடைக்கிற பஞ்சு. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஓசூர் சிப்காட்டில், தகடு வெட்டுகிற ஒரு பிரஸ் ஷாப்பில், அந்த மூன்று விரலும் போயின. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிச்சம்.

திண்டுக்கல் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த மனுஷர். எட்டு மாசம் வீட்டுக்குள்ளேயே கிடந்தார். கேட் பக்கம் கூட்டிப் பெருக்குகிற வேலை தருவதாகப் பழைய கம்பெனியில் சொன்னார்கள், போகவில்லை. லேத் பட்டறை மாதவன்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய பைக்கைப் பட்டறைக்குள் தள்ளிக்கொண்டு போனான். பிரேக் லீவருக்குக் கீழே இன்னொரு லீவர் செய்து, இடது பக்கத்துக் கிளட்ச்சை வலது பக்கம் கொண்டுவந்தான். பிரேக்குக்கு இரண்டு விரல், கிளட்ச்சுக்கு இரண்டு விரல். அந்த வாரமே வெள்ளைச்சாமி குந்தாரப்பள்ளிச் சந்தை வரைக்கும் தனியாகப் போய், ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்தார். பெண்சாதி பூங்கொடி வாசலில் நிறுத்தித் திட்டினாள். மனுஷர் சிரித்துக்கொண்டே நின்றார்.

அதற்கப்புறம் அந்த வண்டிதான் பிழைப்பு. பட்டறைகளில் கடைந்த சாமான்களைப் பெட்டியில் கட்டி, முலாம் பூசுகிற இடத்துக்கும் கம்பெனிகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அத்திப்பள்ளி தாண்டினால் கர்நாடகப் போலீஸ் ஹெல்மெட் பார்ப்பான், பேப்பர் பார்ப்பான். கையை எவனும் பார்த்ததில்லை.

இந்த வருஷம் லைசென்ஸ் தேதி முடிந்தது. கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி நல்லுசாமி மறித்துவிட்டார்.

"இனிமே லைசென்ஸ் பாக்காம எந்த வண்டியும் உள்ள வுடக்கூடாதுன்னு ஆர்டர்ண்ணா. போயி புதுப்பிச்சிட்டு வந்துடு. என் வேலைக்கு வேட்டு வெச்சிடாத."

நாற்பது தாண்டினவனுக்கு டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். டாக்டர் கையுறையைக் கழற்றச் சொன்னார். பஞ்சு மேஜைமேல் உதிர்ந்தது. பார்த்ததை அவர் எழுதிக் கொடுத்தார்.

லைசென்ஸ் ஆபீசில் அதிகாரி அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "இந்தக் கைய வச்சிக்கிட்டு எப்படிய்யா கிளட்ச் புடிக்கிற?"

அங்கேதான் வெள்ளைச்சாமி மடத்தனம் பண்ணினார். "வண்டி வெளியதான் நிக்கிது. வாங்க சார், ஓட்டியே காட்டுறேன்."

வருஷக்கணக்கில் பிரஸ் ஷாப்பில் நின்ற ஆள். அங்கே பீஸ் அளவு பார்க்கிற கேஜில் உட்கார்ந்தால் பாஸ், உட்காராவிட்டால் ஸ்கிராப். நடுவில் பேச்சே கிடையாது. இங்கேயும் அப்படித்தான் என்று நம்பிவிட்டார். எட்டுப் போட்டுக் காட்டினார். கால் ஊன்றவில்லை. டெஸ்ட்டுக்கு வந்து நின்ற பையன்கள் கை தட்டினார்கள்.

"நல்லாத்தான் ஓட்டுற" என்று அதிகாரி அந்த லீவரைத் தொட்டுப் பார்த்தார். "இத யாரு செஞ்சது?"

"நம்ம மாதவன் சார். அவன் கடையிற சாமான்தான் புது வண்டியிலெல்லாம் போகுது."

"அதெல்லாம் கம்பெனி சோதிச்சு, கவர்மெண்ட் ஒத்துக்கிட்டது. இத யாரு ஒத்துக்கிட்டா? அனுமதி இல்லாம வண்டிய மாத்துனதே தப்பு. பக்கச் சக்கரம் வச்ச ஸ்கூட்டர் இருக்கு, அதுக்கு எழுதிக் குடு."

"அதுல என் பெட்டி நிக்காது சார்."

"பெட்டிக்கு நான் சட்டம் எழுத முடியாது. இத பழையபடி ஆக்கிக் காட்டு, வண்டிய எடுத்துக்க. அதுவரைக்கும் சாவி இங்க இருக்கட்டும்."

போன் போனதும் மாதவன் ஸ்பேனரோடும் ஒரு புது லீவரோடும் வந்தான். ஆபீஸ் முற்றத்து வெயிலில் குத்துக்காலிட்டுக் கழற்ற ஆரம்பித்தான்.

"ஏண்ணா, உன்ன யாரு ஓட்டிக் காட்டச் சொன்னது? ஒம்போது வருசமா வாய மூடிக்கினுதான இருந்த?"

"சரியா இருக்குல்லடா. அதான் காட்டுனேன்."

மாதவன் வலது பக்கத்து லீவரைக் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். இடது பக்கம் புது லீவரை மாட்டி, கேபிளை இழுத்துக் கட்டினான். அதிகாரி வந்து கிளட்ச்சை இரண்டு தடவை பிடித்துப் பார்த்தார்.

"இப்ப சரி. ஆனா நீ ஓட்டக்கூடாது" என்று சாவியை நீட்டினார்.

வெள்ளைச்சாமி சும்மா ஏறி உட்கார்ந்தார். கட்டைவிரலை ஊன்றி, சுண்டுவிரலால் லீவரை இழுத்துப் பார்த்தார். ஒரு நெல்லு அளவு அசைந்தது. விரல்தான் வெளுத்தது.

"எறங்குண்ணா. நான் ஓட்டுறேன், பின்னாடி குந்து."

சொந்த வண்டியில் பின்னால் உட்கார்ந்து அவருக்குப் பழக்கமில்லை. காலிப் பெட்டியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். சிப்காட் திருப்பத்தில் மாதவன் கியரைக் குறைத்தான். பெட்டியின் விளிம்பை வெள்ளைச்சாமியின் வலது கையில் கிளட்ச் பிடிக்கிற விரல் இரண்டும் இறுக்கி இழுத்தன.