அமலி படுத்துக் காட்டிய ஸ்கேன்

என் தம்பி உபகாரத்தின் பெண்டாட்டி அமலி, காய்ச்சல் தலைவலி என்று படுத்து நான் பார்த்ததே கிடையாது. கொடைக்கானலில் ஒரு பள்ளி விடுதியில் சமையல் வேலை. மார்கழிக் குளிரிலும் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு, விடியுமுன் அடுப்புப் பற்றவைக்கப் போய்விடுவாள். அப்படிப்பட்டவளுக்கா என்று இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

வாய் மட்டும் கொஞ்சம் நீளம். மூத்தவன் ஆக்னலுக்கு ஒன்பது வயதில் சர்க்கரை வந்தது. பெரியவர்களுக்கு வருகிற மாதிரி இல்லை, உடம்பே தன் கணையத்தைப் பகையாளி என்று நினைத்து அழித்துவிடுகிற வகை. பையன் எலும்பும் தோலுமாகி, மூச்சு வாங்கி, மயங்கி விழுந்த பிறகுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது. அன்றிலிருந்து தினமும் இன்சுலின் ஊசி. முதல் ஊசி போடுமுன் வெறும் ஊசியைத் தன் வயிற்றில் குத்திப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையைத் தொட்டாள். அதெல்லாம் சரி. ஆனால் கோபம் வந்தால் மட்டும், "எங்க வீட்டுல யாருக்கும் இந்தச் சீக்கு கெடையாது, எல்லாம் ஒங்க வம்சத்துலருந்து வந்தது" என்று என் தம்பியைக் குத்திக் காட்டுவாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். எங்கள் அப்பா கடைசி நாள்வரை கருப்பட்டி கடித்துக் காப்பி குடித்த மனிதர். அதைச் சொல்லி, நாத்தனார் நானும் சண்டைக்கு நிற்பேன்.

2009-ல், ஆக்னலைப் பார்க்கும் மதுரை டாக்டரம்மா ஒரு விஷயம் சொன்னார். ஒரு பிள்ளைக்கு இருந்தால் கூடப்பிறந்ததற்கும் வரலாமாம். கணையத்தை ஸ்கேனில் படம் எடுத்து, ரத்தத்தையும் சோதித்து, நோய் வருமுன்பே கண்டுபிடிக்க முடியுமா என்று ஆராய்ச்சி நடக்கிறதாம். சின்னவள் ஹெப்சிபாவைக் கூட்டி வரச் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து அமலிக்குத் தூக்கமில்லை. பிள்ளை ஒரு டம்ளர் தண்ணீர் கூடுதலாகக் குடித்தாலே இவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

தம்பிக்கு டாக்ஸி ஓட்டம், சீசன் நேரம். அதனால் நான் மதுரைக்குத் துணையாகப் போனேன். ஸ்கேன் மெஷின் போட்ட சத்தத்தைக் கேட்டதும் ஹெப்சிபா கதவைப் பிடித்துக்கொண்டு அலறினாள். உள்ளே போகவே மாட்டேன் என்றாள்.

"டாக்டரம்மா, மொதல்ல என்னையப் படுக்க வைங்க. அம்மா எந்திரிச்சு வர்றதப் பாத்தா இவளும் படுத்துருவா" என்றாள் அமலி.

"தாராளமா. தாய் தகப்பனையும் இதுல சேத்துக்கிறோம். அப்படியே ரத்தமும் குடுத்துருங்க" என்றார் டாக்டரம்மா.

தாலிச் சங்கிலியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் படுத்தாள். சிரித்துக்கொண்டே எழுந்து வந்து, "ஒண்ணுமே இல்லடி, டமடமன்னு மேளம் அடிக்கிறான், அம்புட்டுத்தான்" என்றாள். பிள்ளையும் போய்ப் படுத்துக்கொண்டது.

அடுத்த மாதம் முடிவு கேட்க அவளும் நானும் போனோம். "ஹெப்சிபாவுக்கு எல்லாம் நல்லா இருக்கு. இப்ப பயப்பட ஒண்ணுமில்ல" என்றார் டாக்டரம்மா. அமலி அந்த இடத்திலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"கொஞ்சம் உக்காருங்க அமலி. இன்னொண்ணு சொல்லணும்."

கம்ப்யூட்டரில் ஒரு படத்தைக் காட்டினார். கணையம் அந்த வயசுக்கு இருக்க வேண்டிய அளவைவிடச் சின்னதாக இருக்கிறதாம். ரத்தத்திலும் அதே அடையாளங்கள். இப்போதைக்குச் சர்க்கரை இல்லை, ஆனால் வர வாய்ப்பு நிறைய, எப்போது என்று சொல்ல முடியாது என்றார்.

"யாருக்கும்மா?" என்று நான்தான் கேட்டேன்.

"இது அமலியோட படம்."

அமலி அந்தப் படத்தையே பார்த்தாள். "மாறிப் போயிருக்கும் டாக்டரம்மா. நான் சும்மா, பிள்ளைக்குக் காட்டத்தான படுத்தேன்" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். கேட்க முடியவில்லை.

ஊருக்கு வரும் பஸ் வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் என் பக்கம் திரும்பினாள். "அப்ப ஆக்னலுக்கு என்கிட்டருந்துதான் வந்திருக்கு, என்ன மதினி?" என்றாள். இந்த ஒரு பேச்சுக்காக எத்தனை நாள் காத்திருந்தேன்! அன்றைக்கோ, குளிருகிறது என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினேன்.

வீட்டுக்கு வந்து தம்பியிடம் நான் விஷயத்தைச் சொல்லும்போது ஆக்னல் பக்கத்தில் நின்றதைக் கவனிக்கவில்லை. பையன் நேராக அமலியிடம் போனான்.

"என்கிட்டருந்து ஒங்களுக்கு ஒட்டிக்கிச்சாம்மா?" என்றான்.

ஐயோ, அந்தக் கேள்வி! தம்பி இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டான். அமலி பையனை இழுத்துக் கட்டிக்கொண்டாள். "இல்லடா, இது ஒட்டாது. நான்தாண்டா ஒனக்குக் குடுத்தேன். பாவி, நான்தான் குடுத்தேன்" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். பையன் மிரண்டுபோய் அவள் கையைப் பிடித்துத் தடுத்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. "என்ன பேச்சு பேசுற நீ? எங்க அப்பாவுக்கும் இந்தச் சீக்குத்தான். நாங்கதான் வெளிய சொல்லல" என்று ஒரு போடு போட்டுவிட்டேன்.

தம்பி திடுக்கிட்டு என்னைப் பார்த்தான். அப்பாவுக்கு அப்படி எதுவும் இருந்ததில்லை என்று எனக்குத் தெரிந்த அளவு அவனுக்கும் தெரியும். அழுகிற அமலியைப் பார்த்தான். பிறகு, "ஆமா, இருந்துச்சு" என்றான்.

அமலி அழுகையை நிறுத்திவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மாமாவுக்குமா, மதினி?"

"ஆமாடி" என்றேன்.

நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் என் கையைப் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் முன்னால் என்றுகூடப் பார்க்காமல், ஓவென்று அழுதாள்.