ஓய்வு நாளில் எறிந்தவை

மகனின் பள்ளிக்கூட பேஸ்பால் அணிப் பெற்றோருக்கான கூட்டம் ஏப்ரல் மாதத்தில் நடந்தது. வெளியே வாகனத் தரிப்பிடத்தில் பனிக்குவியல்கள் இன்னும் கருத்துப்போய்க் கிடந்தன. கோச் ஒவ்வொரு வேலையாகச் சொல்லி அதற்கு ஆள் கேட்டார். பிள்ளைகளைக் காரில் ஏற்றிப் போவது, சாப்பாடு ஒழுங்கு செய்வது, மற்றப் பள்ளிக்கூடங்களுக்குத் தொலைபேசி எடுப்பது. எல்லாவற்றிலும் யாரோ ஒருவருடன் கதைக்க வேண்டியிருந்தது. என் பிரெஞ்சு, நான் வேலை செய்யும் ரொட்டித் தொழிற்சாலைக்குப் போதும். கூட்டத்தில் எழுந்து பேசப் போதாது. தமிழிலும் நான் அப்படித்தான். மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக அவர் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சின்னக் கருவியை எடுத்துக் காட்டினார். மேலே அழுத்தினால் ஓர் எண் கூடும். எறிபவன் ஓர் ஆட்டத்தில் எத்தனை பந்து எறிந்தான் என்று எண்ணுவதற்கு. அதற்கு வாய் தேவையில்லை என்று கண்டதும் கையைத் தூக்கினேன். பக்கத்திலிருந்த மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அம்மா, உங்களுக்கு கேமே விளங்காதே."

"எண்ணத் தெரியுமடா."

அவன்தான் அந்த அணியின் முக்கியமான எறிபவன். பதினைந்து வயது, என்னைவிட ஒரு தலை உயரம். கிரிக்கெட்டில் ஓவருக்கு ஓவர் ஆள் மாறும். பேஸ்பாலில் அப்படி இல்லை. மைதான நடுவில் உள்ள மண் மேட்டில் நிற்கும் ஒருவனே தொடர்ந்து எறிகிறான். முழங்கையை மடக்கி, தலைக்குப் பின்னால் கொண்டுபோய், முழு உடம்பாலும் எறிகிறான். அதனால் வளர்கிற பிள்ளைகளின் கை பழுதாகிவிடும் என்று ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். இத்தனை பந்து எறிந்தால் இத்தனை நாள் ஓய்வு. அந்த அட்டவணையைக் கோச் எனக்குத் தந்தார். எழுபத்தொரு பந்து எறிந்தால் மூன்று நாள் கை சும்மா இருக்க வேண்டும். தொழிற்சாலையிலும் எங்களுக்கு இப்படி ஒன்று உண்டு. இரண்டு மணி நேரம் தட்டு அடுக்கினால் அடுத்த இரண்டு மணி நேரம் பை கட்ட வேண்டும், ஒரே தோள் நாள் முழுக்க உழைக்கக் கூடாது. ஆகவே அந்த அட்டவணை எனக்கு உடனே விளங்கியது.

ஆட்டம் விளங்கவில்லை. ஏன் கைதட்டுகிறார்கள் என்று தெரியாமல் நான் எண்ணினேன். ஆனால் எண்ணிக்கொண்டே இருந்தால் மற்றவர்கள் பார்க்காத சில கண்ணில் படுகின்றன. ஒவ்வொரு சுற்றும் தொடங்குமுன் அவன் சில பந்து எறிந்து பார்ப்பான். அதை எண்ணுவதில்லை. முதலாம் முனையில் நின்று ஓட நினைக்கிறவனைப் பயமுறுத்த அங்கே ஒரு பந்து எறிவான். அதையும் எண்ணுவதில்லை. ஆட்டத்துக்கு முன் வேலி ஓரத்தில் எறிந்து கையைச் சூடாக்குவான். அதுவும் கணக்கில் இல்லை.

"ஏனடா இதையெல்லாம் எண்ணாம விடுறாங்கள்?"

"அது பிட்ச் இல்லை அம்மா."

"கைக்கு அது தெரியுமோ?"

அவன் சிரித்தான். நான் பகிடியாகக் கேட்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் கருவியில் ஒரு கணக்கும் கொப்பியில் பென்சிலால் இன்னொரு கணக்குமாக வைத்தேன். கருவியில் எழுபத்தொன்று. கொப்பியில் எல்லாம் சேர்த்து நூற்று நாற்பத்தெட்டு. வீட்டில் ஒருவரும் கேட்காத கேள்விக்கு விடை கண்டதுபோல இருந்தது. ஆட்டம் முடிந்தபின் கொப்பியைக் கோச்சிடம் நீட்டினேன். அவர் நின்று வாசித்தார். "மதாம், இது எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் எண்ணுவதில்லை" என்றார் பிரெஞ்சில். "அதுக்காகத்தான் ஓய்வு நாள். ஓய்வு உண்மையான ஓய்வாக இருக்க வேணும்." பிறகு நான் வாராவாரம் நிரப்பும் தாளில் கடைசிக் கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். வேறு இடத்தில் எறிந்த பந்துகளை எழுதும் கட்டம் அது. ஒவ்வொரு வாரமும் நான் அதில் சைபர் போட்டு வந்தேன்.

மே கடைசியில் மகன் குளிர்சாதனப் பெட்டியை இடக்கையால் திறக்கத் தொடங்கினான். முதலில் நான் கவனிக்கவில்லை. பிறகு தலை வாருவதும் இடக்கை. பால் போத்தலை எடுப்பதும் இடக்கை.

"கை நோகுதோ?"

"இல்லையே."

"அப்ப ஏன் இடக்கையால வாருறாய்?"

"சும்மா."

கொப்பியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அட்டவணைப்படி எல்லாம் சரி. புதன்கிழமை ஆட்டம், வியாழன், வெள்ளி, சனி ஓய்வு, ஞாயிறும் எறிவதில்லை. நோவு எங்கிருந்து வருகிறது? பயத்தைவிட அதை அறியும் ஆவல்தான் எனக்கு அன்று கூடுதலாக இருந்தது. கணக்கில் வராத ஏதோ ஒன்று இருக்க வேண்டும் என்று தோன்றியது.

ஞாயிறுகளில் அவன் பெரியப்பாவுடன் ஆற்றுக்கு அப்பால் இருக்கும் லவாலுக்குப் போவான். என் கணவரின் அண்ணன் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத்தின் கிரிக்கெட் அணியை நடத்துகிறார். மகன் அந்த ஊரையே பார்த்ததில்லை, ஆனாலும் அந்தப் பள்ளிக்கூடத்துக்காக விளையாடுகிறான். கிரிக்கெட்டைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பேஸ்பால் வேறு, கிரிக்கெட் வேறு. ஒன்று பள்ளிக்கூடம், மற்றது நம்முடைய ஆட்கள். நம்முடைய ஆட்களோடு நிற்பதை யாராவது வேலை என்று எண்ணுவார்களா?

அந்த ஞாயிறு நானும் போனேன். என் கணவருக்கு உணவகத்தில் வேலை. பெண்கள் மரத்தடியில் ரோல்ஸும் தேநீரும் வைத்துக்கொண்டு இருந்தார்கள். நான் கொப்பியுடன் எல்லைக் கோட்டுக்குக் கிட்டப் போய் இருந்தேன்.

பெரியப்பா கவனமானவர்தான். மகனுக்கு இரண்டே ஓவர்தான் கொடுத்தார். "கோச் காரன் பேசுவான், காணும் தம்பி" என்று பந்தை வாங்கி இன்னொருவனிடம் கொடுத்தார். பன்னிரண்டு பந்து, அதுவும் கையை மடக்காமல். எனக்கு ஆறுதலாக இருந்தது. பிறகு அவனை எல்லைக் கோட்டில் நிற்க விட்டார்கள்.

அங்கேதான் கண்டேன். அந்த அணியில் எங்கிருந்து எறிந்தாலும் பந்தை விக்கெட்டுக்கு நேராகக் கொண்டுவரக்கூடியவன் அவன் ஒருவன். அதனால் பந்து அவனிடம் போனாலும் போகாவிட்டாலும் எறிவது அவன்தான். நாற்பது வயதுக்காரர் ஒருவர் மூச்சு வாங்க ஓடிப்போய்ப் பந்தை எடுப்பார். அங்கிருந்து விக்கெட்டுக்கு எறிய மாட்டார். "தம்பி, இந்தா, நீ எறி!" என்று இவனுக்கு உருட்டிவிடுவார். இவன் எடுத்து முழங்கையை மடக்கி, மேட்டில் நின்று எறிவதுபோலவே எறிவான். பந்து தாழ்வாகப் பறந்து போகும். சனம் விசில் அடிக்கும். ஒருமுறை ரன் எடுக்க ஒருவருமே ஓடவில்லை. சும்மா பார்க்கிற ஆசைக்கு எறியச் சொன்னார்கள். அதற்கும் எறிந்தான். நாற்பத்துமூன்று தரம். ஒவ்வொரு தரமும் எறிந்துவிட்டு என் பக்கம் முதுகைக் காட்டிக் கையை உதறினான்.

தேநீர் நேரத்தில் துணிந்து பெரியப்பாவிடம் போனேன்.

"அத்தான், இவன் நாப்பத்துமூண்டு தரம் எறிஞ்சிட்டான்."

"என்ன பிள்ளை, கணக்குப்பிள்ளை வேலை எடுத்திட்டியோ?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"கோச் ஓய்வு எண்டு சொன்னவர்."

"பௌலிங்தானே குடுக்கேல்ல. ஃபீல்டிங்கில என்ன வந்தது? நாங்கள் மாங்காய்க்கு எறிஞ்ச எறிக்கு இந்த நாட்டுச் சட்டப்படி எங்கட கையெல்லாம் கழண்டு விழுந்திருக்க வேணும். ஆருக்கு என்ன நடந்தது?"

பக்கத்தில் ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தவர் சொன்னார்: "அண்ணை, நீங்கள் அம்பயர் நிக்கேக்க சிக்ஸுக்கு ஒரு கைதானே தூக்கிறனீங்கள்."

"அது..."

"மற்றக் கை மேல வராது. நாங்கள் எல்லாரும் அரைச் சிக்ஸ் எண்டுதான் சொல்லுறனாங்கள்."

சிரிப்பு என்னிடமிருந்து அவர் பக்கம் திரும்பியது. பெரியப்பாவும் சிரித்தார். ஆனால் வலத் தோளை மற்றக் கையால் ஒருமுறை தடவிக்கொண்டார். அந்தத் தோளுக்கு என்ன நடந்தது, எத்தனை வயதில் நடந்தது என்று கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. கேட்கவில்லை.

திரும்பி வரும்போது நான்தான் காரை ஓட்டினேன். ஆற்றைக் கடந்தபின் மகன் கேட்டான்.

"அம்மா, அதை நீங்கள் எழுதப் போறீங்களோ?"

"எதை?"

"தெரியும்தானே. புதன்கிழமை கேமுக்கு ரீஜியன் ஆக்கள் வருகினம். சம்மர் டீமுக்கு எடுக்க. கோச் என்னைத்தான் போடுறன் எண்டவர்."

"கை நோகுதோ இல்லையோ, அதைச் சொல்லு."

"கொஞ்சம். எல்லாருக்கும் நோகும். நீங்கள் சைபர் போட்டா ஒருத்தருக்கும் தெரியாது. கிரிக்கெட் எண்டால் அவருக்கு என்னெண்டே தெரியாது."

"பெரியப்பாவிட்ட நோகுதெண்டு சொல்லியிருக்கலாமே?"

"எல்லாரும் கைதட்டேக்க எப்பிடிச் சொல்லுறது?"

கூட்டத்தில் வாய் திறக்க முடியாதது அவனுக்கு என்னிடமிருந்து வந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

மூன்று நாள் அந்தத் தாள் சமையலறை மேசையில் கிடந்தது. சைபர் போடுவது பெரிய பொய்யாகத் தோன்றவில்லை. நான்கு வாரம் அறியாமல் போட்ட சைபர்தானே, இன்னும் ஒன்று. அவன் குளிர்காலம் முழுவதும் பள்ளிக்கூட நிலவறையில் எறிந்து பழகியது இந்தப் புதன்கிழமைக்காக. செவ்வாய் பின்னேரம் அவன் சோற்றை இடக்கையால் கரண்டி பிடித்துச் சாப்பிட்டான். நான் பார்க்கிறேன் என்று கண்டதும் கரண்டியை வலக்கைக்கு மாற்றினான். வாய்க்குப் போகுமுன் அது ஒரு கணம் நின்றது.

நாற்பத்துமூன்று என்று எழுதினேன். அதற்கு முந்திய நான்கு வாரத்துச் சைபர்களையும் வெட்டி, எண்ணிக்கை தெரியாததால் கேள்விக்குறி போட்டேன்.

புதன்கிழமை கோச் தாளை வாசித்தார். என்னைப் பார்த்தார். கிரிக்கெட், ஞாயிறு, என் கணவரின் அண்ணன் என்று தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். வினைச்சொற்கள் எல்லாம் தப்பு. அவருக்கு விளங்கியது. மகனைக் கூப்பிட்டு முழங்கையின் உட்பக்கத்தைப் பெருவிரலால் அழுத்தினார். மகன் முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை, ஆனால் குதிக்கால் நிலத்தைவிட்டு எழும்பியது. வேறொரு பிள்ளையை மேட்டுக்கு அனுப்பினார்கள். நான் அந்தப் பிள்ளையின் பந்துகளை எண்ணினேன். மகன் வேலியோர வாங்கில் உட்கார்ந்திருந்தான். முகத்தைத் தொப்பிக்குள் வைத்திருந்தான். ரீஜியன் ஆட்கள் இரண்டு பேர் வேலிக்கு வெளியே நின்று எழுதிக்கொண்டிருந்தார்கள். அவனைப் பற்றி எழுத அவர்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை.

மருத்துவர் படம் எடுத்துப் பார்த்தார். வளர்கிற பிள்ளைகளுக்கு முழங்கையில் எலும்பு முற்றாத ஓர் இடம் இருக்கிறதாம். தசை நார் அங்கேதான் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு எறியும் அதை இழுக்கிறது. இன்னும் எறிந்திருந்தால் அந்தத் துண்டு விலகியிருக்கலாம் என்றார். ஆறு வாரம் ஒரு கல்லும் எறியக் கூடாது. நான் வெட்கத்தை விட்டு, ஏன் அந்த இடம் மட்டும் முற்றாமல் இருக்கிறது என்று கேட்டேன். அவர் தாளில் ஒரு முழங்கை கீறி, எலும்பு வளர்வதற்கு அந்த இடம் மென்மையாக இருக்க வேண்டும் என்று விளக்கினார். அந்தத் தாளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

சம்மர் டீமுக்கு மகனை எடுக்கவில்லை. பத்து நாள் அவன் என்னோடு ஓம், இல்லை என்பதற்கு மேல் கதைக்கவில்லை. பெரியப்பா தொலைபேசி எடுத்தார்.

"பிள்ளை, அவனைச் சும்மா ஸ்லிப்பில நிக்க விடட்டே? எறியத் தேவையில்லை."

"இல்லை அத்தான்."

"கோவமோ?"

"இல்லை. ஆனா அவன் வந்தால் நீங்கள் எறியச் சொல்லுவியள்."

"ஓம், சொல்லுவம்தான்" என்றார்.

ஆறு வாரம் முடிந்து யூலை நடுவில் மெதுவாக எறியத் தொடங்கலாம் என்று சொன்னார்கள். கிட்ட நின்று, மெல்ல, இருபத்தைந்து தரம். அவன் நண்பர்கள் எல்லோரும் அந்த நேரம் வேறு இடங்களில் இருந்தார்கள். என்னைக் கேட்க அவனுக்கு இரண்டு நாள் எடுத்தது.

வீட்டுக்கு அருகிலுள்ள பூங்காவில் அவனுடைய பழைய கையுறையைப் போட்டுக்கொண்டு நின்றேன். இத்தனை நாள் எண்ணிய பந்தை ஒருநாளும் பிடித்ததில்லை. நினைத்ததைவிடப் பாரம். முதல் மூன்றையும் தவறவிட்டேன். "கண்ணை மூடாதேங்கோ அம்மா" என்றான். நான்காவது கையுறைக்குள் வந்து இருந்தது. உள்ளங்கை சுட்டது. இது மெல்ல எறிவது என்றால் மற்றது எப்படி இருக்கும் என்று யோசித்தேன்.

பதினேழாவது பந்தை எறியக் கையைத் தூக்கியவன் இறக்கினான்.

"அம்மா, இண்டைக்குக் காணும்."

பூங்காவில் எங்களைப் பார்க்க ஒருவரும் இல்லை. நான் கிட்டப் போனேன்.

"நோகுதோ?"

முழங்கையை மடக்கினான், நீட்டினான். "நோவு எண்டில்லை. ஒரு மாதிரி இருக்கு."

"எங்க?"

தன் கையுறையைக் கழற்றி என் விரலைப் பிடித்து முழங்கையின் உட்பக்கம் வைத்தான். தோல் வெதுவெதுப்பாக இருந்தது.

"இதிலையோ?"

"இல்லை. கொஞ்சம் கீழ."

"இதில?"

"இன்னும் கொஞ்சம் உள்ளுக்கு. மெல்ல அம்மா. ஓம், அதிலதான்."