கிருபானந்தம் சுட்ட அன்னாசி

கிருபானந்தத்துக்கு மூக்கு வேலை செய்யாது என்பது அவரைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவருக்குத் தெரியவந்தது போன வருஷம் மே மாதம், ஆலயப் பிரதிஷ்டை நாள் விருந்தில், இருநூறு பேர் முன்னிலையில்.

ஆம்பூருக்கு வெளியே, மரப்பட்டை ஊறவைத்துத் தோல் பதப்படுத்தும் டேனரி ஒன்றில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர் அவர். முதல் பதினைந்து வருஷம் சுண்ணாம்புக் குழிப் பக்கம். அங்கே எழும் நெடியில் நின்று நின்று, மூக்கு கொஞ்சம் கொஞ்சமாக அவரைக் கைவிட்டுவிட்டது. மல்லிகைப்பூவும் மண்ணெண்ணெயும் அவருக்கு ஒன்றுதான். பிறகு தரம் பிரிக்கும் மேஜைக்கு மாற்றினார்கள். அங்கே மூக்குக்கு வேலை இல்லை, கட்டைவிரலுக்குத்தான் வேலை. தோலின் மேல் விரலை ஓட்டினாலே இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று சொல்லிவிடுவார். எதிர்த்துப் பேசிய மேனேஜர்கள் அளந்து பார்த்து அசடு வழிந்ததுண்டு.

டேனரியில் ஆட்களைக் குறைத்தபோது வீட்டுக்கு வந்துவிட்டார். மனைவி கரோலின் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் காலை டியூட்டிக்குப் போன பிறகு வீட்டில் தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை. கரண்டியைக் கையில் எடுத்தார். அது பிடித்துப்போனது. அடுத்து சபையின் சமையல் கொட்டகைக்குள் நுழைந்தார். பெரிய அண்டா, பெரிய அடுப்பு, நாலு பேர் "உப்பு பாருங்கண்ணே" என்று கேட்கிற மரியாதை. டேனரியை விட்டபின் தொலைந்துபோன மனுஷன் அங்கேதான் திரும்பக் கிடைத்தார்.

அந்த மரியாதை ஒரே மத்தியானத்தில் போயிற்று. விருந்துக்குப் பாயசம் நான்தான் செய்வேன் என்று அடம்பிடித்து வாங்கியிருந்தார். கத்திரி வெயிலில் பால் லேசாகத் திரிந்திருக்கிறது. சேமியாவும் ஜவ்வரிசியும் மறைத்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. வாசனை மட்டும் கொட்டகையைத் தாண்டி வாசல் வரைக்கும் போயிருக்கிறது. நம்ம ஆளோ முகமெல்லாம் சிரிப்பாக முதல் பந்திக்கு ஊற்றிக்கொண்டே போகிறார். சாப்பிட உட்கார்ந்தவர்கள் ஒருத்தரையொருத்தர் பார்க்கிறார்கள், யாருக்கும் சொல்ல வாய் வரவில்லை.

பூவம்மாளுக்கு வந்தது. மாதர் சங்கத் தலைவி அவர். பள்ளி விடுதியில் முப்பது வருஷம் சமையலை மேற்பார்த்து ஓய்வு பெற்றவர். பத்தடி தூரத்திலேயே முகத்தைச் சுளித்தார். வேகமாக வந்து, அண்டாவை எல்லார் கண்முன்னாலும் சாக்கடையில் கவிழ்த்தார்.

"மோப்பம் இல்லாத மனுஷனை அடுப்புல நிக்க வெச்சது யாரு?"

கேள்வி பொதுவாகத்தான் வந்தது. பதில் சொல்ல வேண்டியவர் கையில் கரண்டியோடு நின்றார். அன்றிலிருந்து ஒரு வருஷம் அவருக்குச் சபையில் கொடுத்த வேலை இலை போடுவதும் தண்ணீர் ஊற்றுவதும். அவரும் செய்தார். ஆனால் வீட்டுக்கு வந்து சரியாகச் சாப்பிட மாட்டார். சும்மா சொல்லக் கூடாது, பூவம்மாள் செய்தது நியாயம்தான். செய்த விதம்தான் ஆளை உடைத்துவிட்டது.

இதற்கு நடுவில் ஒரு நாள் சாயங்காலம், பைபாஸ் ஓரம் கபாப் கடை வைத்திருக்கும் சத்தாரிடம் பேசிக்கொண்டு நின்றார். வியாபாரம் முடிந்து கரி தணிந்திருந்தது. சத்தார் தனக்கென்று ஒரு அன்னாசித் துண்டைக் கம்பி வலைமேல் போட்டுப் புரட்டி, பாதியைப் பிய்த்து நீட்டினார்.

"துன்னு பாருண்ணே. வவுத்துக்கு நல்லது."

கிருபானந்தம் வாயில் போட்டார். அப்படியே நின்றுவிட்டார். மூக்கு போனவனுக்குச் சாப்பாட்டில் பாதி போய்விடும். பிரியாணியே அவருக்கு வெறும் காரமும் உப்பும்தான். இந்தத் துண்டில் இனிப்பு இருந்தது, புளிப்பு இருந்தது, கருகிய ஓரத்தில் மெல்லிய கசப்பு இருந்தது, சூடு இருந்தது. எதுவும் குறையவில்லை. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஒரு பண்டத்தை முழுசாகத் தின்றார்.

ஏப்ரல் மாதக் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"இந்த வாட்டி விருந்துக்கு நான் பழம் சுட்டுத் தர்றேன். பாலே வேணாம்."

கூட்டம் சிரித்தது. பூவம்மாள் சிரிக்கவில்லை.

"வெளியில நாப்பத்திரெண்டு டிகிரி, கிருபா. நாமளே வெந்துட்டு இருக்கோம். பழத்தையும் வேக வைக்கணுமா?"

"சூடாச் சுட்டு, ஐஸ்ல வெச்ச நுங்கு மேல போட்டுத் தருவேன்க்கா. வாய்ல வெச்சா தெரியும்."

ஆயர் குறுக்கே புகுந்து சமாதானம் செய்தார். கடைசியில் பூவம்மாளே தீர்ப்புச் சொன்னார். பாயசம் வழக்கம்போல மாதர் சங்கம். கிருபாவின் பழம் ஓரமாக ஒரு மேஜையில். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

"ஆனா ஒண்ணு. இதுவும் பேஜாராப் போச்சுன்னா, அப்புறம் கொட்டகைப் பக்கம் கால் வெக்கக் கூடாது. சரியா?"

"சரிக்கா."

சரி என்று சொல்லிவிட்டாரே தவிர, வீட்டுக்கு நடந்த வழியெல்லாம் அதே நினைப்புதான். அந்தக் கொட்டகை இல்லாமல் மீதி வாழ்நாளை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

விருந்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஒத்திகை. சத்தார் நீளமான இரும்பு அடுப்புகள் இரண்டைக் கொடுத்து, புது வலையும் போட்டுத் தந்திருந்தார். கொல்லையில் அடுப்பை வைத்து, மூட்டையிலிருந்து பட்டையை அள்ளிப் போட்டுப் பற்றவைத்தார் கிருபானந்தம். டேனரியில் தோலோடு ஊறி, சாறெல்லாம் இறங்கிய பிறகு காயவைத்து வெளியே தள்ளுகிற பட்டை அது. அந்தத் தெருவில் பாதி வீட்டு வெந்நீர் அடுப்பு அதில்தான் எரிகிறது. நின்று எரியும், கங்கும் நன்றாக விழும். டேனரிக்காரருக்குக் கை போகிற இடம் அதுதானே. நாட்டுச் சர்க்கரையை எலுமிச்சைச் சாற்றில் கரைத்து, நசுக்கிய வாழைமட்டையால் தடவித் தடவிச் சுட்டார். தேன் நிறத்தில் வந்தது. தின்று பார்த்தார். அருமை.

கரோலின் டியூட்டி முடிந்து வந்தாள். தெருமுனையிலேயே அவளுக்கு வாடை தெரிந்துவிட்டது. ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். பிறகு கொல்லை ஓரம் போய்த் துப்பினாள்.

"ஏங்க, இன்னா போட்டு எரிச்சீங்க?"

"பட்டை."

"செருப்பைக் கடிச்ச மாதிரி இருக்குங்க."

கிருபானந்தம் அடுப்பு முன்னால் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை இருநூறு பேர் தட்டில் டேனரியை வைத்து நீட்டியிருப்பார், அதே சிரிப்போடு.

"ஆயருக்குப் போன் போட்டு வேணாம்னு சொல்லிடு, கரோலின். பூவம்மாக்கா சொன்னதுதான் ரைட்டு. நான் இலை போட்டுட்டே இருக்கேன்."

கரோலினுக்குக் கோபம் வந்தது. அவள் சாதாரணமாகக் கோபப்படுகிறவள் இல்லை. ஒரு வருஷமாக இந்த மனுஷன் பாதிச் சோற்றை ஒதுக்கி வைப்பதைப் பார்த்துப் பார்த்துச் சேர்ந்த கோபம்.

"தப்பு கரியில. பழத்துல இல்ல. பழத்தை உங்களாட்டம் யாராலும் சுட முடியாது, எவ்ளோ சமமா வெந்திருக்கு பாருங்க. நெருப்பை மாத்தறதை விட்டுட்டு ஆளை மாத்தணுங்கிறீங்களே!"

போன் போட்டாள். ஆயருக்கு இல்லை, சத்தாருக்கு. அவர் அரை மணி நேரத்தில் இரண்டு மூட்டை கொட்டாங்கச்சிக் கரியோடு வண்டியில் வந்து இறங்கினார். விஷயத்தைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பட்டையா? அண்ணே, அதுல கபாப் சுட்டாக்கூட மசாலாவை மீறி வாசம் அடிக்கும். பழம் பாவம், அது என்னா பண்ணும்?"

மறுபடி சுட்டார். கரோலின் ஒரு துண்டு தின்றாள். இன்னொன்று எடுத்தாள். மூன்றாவதை எடுத்தபோது கிருபானந்தம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை மார்க்கெட். இங்கேதான் அவர் ராஜா. அன்னாசியை விரலால் சுண்டிச் சத்தம் கேட்டார். மாம்பழத்தைக் கட்டைவிரலால் தொட்டார். முழுசாகப் பழுத்தது வலையில் உருகி வழிந்துவிடும், காயாக இருந்தால் புளித்துக்கொல்லும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பழம் வேண்டும். "அமுக்காதண்ணே, கறுத்துப்பூடும்" என்று கத்திய கடைக்காரர், அவர் தொட்டு வைத்த பழத்தில் அடையாளமே இல்லாததைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். மூன்று கூடைக்கு ஒரு கூடைதான் தேறியது. அப்படித் தேறியதில் ஒரு பழம்கூட சோடை இல்லை.

ஞாயிறு. ஆராதனை முடிந்து, பிரியாணிப் பந்தி நடந்துகொண்டிருந்தது. ஓர மேஜைக்குப் பக்கத்தில் கரி கங்காகிவிட்டது. துண்டுகளை வரிசையாக அடுக்கினார். வேகிறதை மூக்கால் அறிய முடியாதவர் காதால் அறிந்தார். சாறு கொதிக்கும்போது ஒரு சத்தம், சர்க்கரை பிடிக்கும்போது வேறு சத்தம். அது மாறின நொடியில் புரட்டினார். ஐஸ் கட்டிமேல் வைத்த நுங்கைத் தட்டில் போட்டு, அதன்மேல் அன்னாசியும் மாம்பழமும், கடைசியில் ஒரு சிட்டிகை மிளகும் உப்பும்.

யாரும் வரவில்லை. போன வருஷம் யாரும் மறக்கவில்லை. பந்தி முடிந்து எழுந்தவர்கள் கை கழுவிக்கொண்டு தூர நின்று பார்த்தார்கள். பத்துத் தட்டு தயாராக இருந்தது, ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. கரோலின் எழுந்து வரப் பார்த்தாள். வேண்டாம் என்று கண்ணாலேயே தடுத்தார் கிருபானந்தம். மனைவி வந்து தின்றால் அது சாட்சியாகாது.

பூவம்மாள்தான் வந்தார். கூட்டம் திரும்பிப் பார்த்தது. அவர் ஒரு தட்டை எடுத்து முகத்துக்கு அருகே கொண்டுபோனார். மோந்தார். தட்டைத் திருப்பி மறுபடி மோந்தார். கிருபானந்தம் இடுக்கியால் கங்கைக் கிளறிக்கொண்டே நின்றார். கொஞ்சம்கூட ஒளிக்காமல் பயந்தார்.

பூவம்மாள் ஒரு வாய் வைத்தார். சூடும் ஜில்லும் ஒன்றாக இறங்கியபோது அவர் புருவம் தானாக ஏறியது. நின்ற இடத்திலேயே தட்டைக் காலி செய்தார். பிறகு அடுத்த தட்டை எடுத்தார்.

போதாதா? அடுத்த ஐந்து நிமிஷத்தில் வரிசை கொட்டகையைச் சுற்றி கேட் வரைக்கும் நின்றது. ஆயர் இரண்டு முறை வந்தார், இரண்டாம் முறை தன் மனைவிக்கு என்று சொல்லிவிட்டுத் தானே தின்றார். ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்கள் செய்முறை கேட்டு போனில் எழுதிக்கொண்டார்கள். பாயச அண்டா கேட்பாரில்லாமல் ஆடை கட்டியது. இதைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் குஷி என்பதை மறைக்கப்போவதில்லை.

பூவம்மாள் மூன்றாவது தட்டோடு அடுப்பருகே வந்து நின்றார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரித்தான் பேசினார். அவருக்கு மெதுவாகப் பேச வராது.

"ஆகஸ்ட்ல என் பொண்ணு ஹெப்சி கல்யாணம். ஐந்நூறு பேரு. இனிப்பு அடுப்பு உனக்குத்தான், கிருபா."

கிருபானந்தம் இடுக்கியைக் கீழே வைத்தார். பெருமையில் தலை கிறுகிறுத்தது. ஆனாலும் மனுஷன் உண்மையைக் கேட்டார்.

"பால் சாமானும் இருக்குமேக்கா?"

"இருந்தா இன்னா? மோந்து பாக்க நான் பக்கத்துல நிக்கிறேன். நீ கிளறு."

அவர் கண் நிறைந்துவிட்டது. புகை என்று யாரிடமும் சாக்குச் சொல்லவில்லை. தோள் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, மேஜையை முட்டிக்கொண்டு நின்ற கூட்டத்தைப் பார்த்து, சமையல்காரனின் முழு அதிகாரத்தோடு சத்தம் போட்டார்.

"தள்ளி நில்லுங்கப்பா! அடுப்புல கை வெக்கிற வேலையெல்லாம் ஆவாது. வெந்ததும் நானே கூப்பிடுவேன்!"

எல்லாரும் மரியாதையாகத் தள்ளி நின்றார்கள்.