நிறம் பிடித்தது

நான் கேன்சருக்கு மருந்து கண்டுபிடிக்கிறேன் என்று மருதமுனையில் எங்கள் தெரு முழுக்க நம்பிக்கொண்டிருக்கிறது. விடுமுறைக்கு ஊருக்குப் போனால் கல்முனைச் சந்தையில் மீன் வாங்கக்கூட நிம்மதியாக நிற்க முடியாது. யாராவது ஒருவர் தன் மாமிக்கு வந்த கட்டியைப் பற்றிக் கேட்டுவிடுவார். நான் செய்வதோ அதற்கு நேர் எதிரான வேலை. மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. இதைச் சொன்னால், "அதத் தெரிஞ்சி என்ன செய்யிற?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஆய்வுக் கட்டுரைகளின் கடைசிப் பந்தியில் எழுதுகிற பதில் ஒன்று என்னிடம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

ராத்தாவுக்கு, என் அக்காவுக்கு, மார்பில் வந்த கட்டியை வெட்டி எடுத்து, மருந்து ஏற்றி, கொட்டின முடி திரும்ப முளைத்து, எல்லாம் முடிந்தது என்று நாங்கள் மூச்சுவிட்ட பிறகு அது கமக்கட்டில், அக்குளுக்குள், திரும்ப வந்தது. மட்டக்களப்பில் வேறு மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். மச்சான், அவளுடைய கணவர், வாடகை வேன் பிடித்துக் கூட்டிப்போய்க் கூட்டிவருவார். வந்தால் ராத்தாவுக்கு ஒரு கிழமை முழுக்கத் தண்ணீர்கூட விழுங்க ஏலாது. வாயெல்லாம் புண். மகளின் தலையில் பூசிய தேங்காயெண்ணெய் மணம் அவளுக்குக் குமட்டியது. பிள்ளை ஏழு வயதிலேயே அதைப் புரிந்துகொண்டு, எண்ணெய் பூசாமல் வறண்ட தலையோடு பள்ளிக்கூடம் போய்வந்தாள். இத்தனைக்கும் கட்டி கரையவில்லை. கையால் தொட்டாலே தெரிந்தது.

சாறன், கைலி நெய்கிற தறிக்காரர்களுக்கு நூல் சாயம் போட்டுக் கொடுப்பது ராத்தாவின் தொழில். எங்கள் உம்மா தொடங்கியது, ராத்தா பெருப்பித்தாள். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டிலில் தொட்டிகள் கொதித்துக்கொண்டே இருக்கும். நோய் வந்த பிறகு ஆவிக்குக் கிட்டப் போக முடியாமல் வாசலில் பிளாஸ்டிக் கதிரை போட்டு உட்கார்ந்து, வேலைக்கு வரும் பெண்களைத் திட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் சாயப் பேச்சுத்தான். சோறு உடம்பில் பிடிக்க வேண்டும், படிப்பு மண்டையில் பிடிக்க வேண்டும், மருந்தும் பிடிக்க வேண்டும்.

"ஏத்தின அண்டைக்கே செவப்பா வெளிய போகுது புள்ள" என்றாள் ராத்தா ஒருநாள். அந்த மருந்தின் நிறமே சிவப்பு; சிறுநீரிலும் அதே நிறம் வரும். "கழுவின உடன போற சாயத்த நான் காசுக்கு விக்கமாட்டன். இது புடிக்குதில்ல, என்ன?"

"அது எல்லாருக்கும் அப்பிடித்தான் போகும் ராத்தா. அத வெச்சிச் செல்ல ஏலா."

"அப்ப எத வெச்சிச் செல்லுவீங்க? நீ அங்க என்னதான் செய்யிற? எனக்கு வெளங்கிற மாதிரிச் செல்லு."

சொன்னேன். உடம்பு சின்னச் சின்னக் கலங்களால் ஆனது; கேன்சர்க் கலத்தின் தோலில் சில நேரம் ஒரு பம்பு முளைக்கும். தோணிக்குள் வருகிற தண்ணீரை அள்ளி அள்ளி வெளியே ஊற்றுகிற மாதிரி, உள்ளே போகிற மருந்தை அது வெளியே தள்ளும். அது ஒரு புரதம். கண்ணுக்குத் தெரியாது. அதைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ள ஒன்றை அனுப்புவோம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் அதற்குப் பெயர் பிறபொருளெதிரி.

"பிறபொருள் எதிரியா?" ராத்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்தால் புண் இழுக்கும். "எங்கட மாமிக்கு வெச்ச பேரு மாதிரிக் கெடக்கு."

அது எலியிலிருந்து எடுப்பது என்றதும் முகத்தைச் சுளித்தாள். எலியினுடையது பம்பில் ஒட்டிய பிறகு, அந்த எலியினுடையதைப் பிடிக்க ஆட்டிலிருந்து எடுத்த இன்னொன்றை அனுப்புவோம் என்றேன். "ஆடெண்டாப் பரவாயில்ல. எலியப் புடிக்க ஆட்ட அனுப்பின ஆக்கள் ஒலகத்திலயே நீங்கதான்" என்றாள்.

"மறுகா, அதெல்லாம் ஒட்டின பொறகு, நிறத்தப் போட்டுக் கழுவுவம். பம்பு இரிக்கிற எடத்தில மட்டும் மண்ணிறம் புடிச்சி நிக்கும். இல்லாட்டிக் கழுவினதோட போயிரும்."

கழுவுவது என்றதும் சிரிப்பை நிறுத்தினாள். கொட்டிலுக்குள் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"என்டத்தையும் பாரன்."

நான் மறுத்தேன். இது ஆராய்ச்சி, ஆஸ்பத்திரிப் பரிசோதனை இல்லை, இதை வைத்து டொக்டர் எதையும் மாற்றமாட்டார் என்றேன்.

"டொக்டருக்கில்ல. எனக்கு. ஏலாமப் போச்சி புள்ள. சும்மாதான் ஏத்துறாங்க எண்டாச் செல்லு, நிப்பாட்டிருவன். இரிக்கிற நாளைக்கு வாய்க்கு ருசியாத் தின்டு, மகள்ற தலையில எண்ண வெச்சி இழுத்துப் பின்னி உட்டாப் போதும். நான் கேட்டா உம்மா உடமாட்டா. படிச்சவள் நீ செல்லினா உடுவா."

அவள் கேட்டது அவ்வளவுதான். உயிரைக்கூடக் கேட்கவில்லை.

கையெழுத்துகள், அனுமதிகள் எல்லாம் எடுத்து, கமக்கட்டிலிருந்து எடுத்த துண்டு மெழுகுக் கட்டியாக மலைநாட்டில் இருக்கும் எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்தது. என் பேராசிரியை நல்லவர். "வேறு யாராவது செய்யட்டும்" என்றார். நான் கேட்கவில்லை. மெழுகைச் சீவிக் கண்ணாடித் தகட்டில் நானே ஏற்றினேன்.

எங்கள் வேலையில் நிறம் வராத நாள் நாசமாய்ப் போன நாள். புட்டியைத் திட்டுவோம், தண்ணீரைத் திட்டுவோம், கரண்டைத் திட்டுவோம். அன்றைக்கு மட்டும் லுஹர் தொழுதுவிட்டு வந்து, நிறம் வரக்கூடாது என்று துஆக் கேட்டேன். ஆராய்ச்சி செய்கிறவள் இப்படிக் கேட்கலாமா என்று யாராவது இதைப் படித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினால் சுருக்கட்டும்.

ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் வைத்த தகடுகள் இரண்டும் ஒழுங்காக இருந்தன. நிறம் வரவேண்டியதில் வந்திருந்தது, வரக்கூடாதது வெறுமையாக இருந்தது. ராத்தாவினுடையதை நுணுக்குக்காட்டியில் வைத்தேன். ஒவ்வொரு கலத்தின் நடுவிலும் நீலம். அதைச் சுற்றி, கோடு கீறியது போல மண்ணிறம். தகட்டை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் மண்ணிறம். புதுப் புட்டி உடைத்து மறுபடி செய்தேன். இன்னும் தெளிவாக வந்தது. நான் அத்தனை வருடத்தில் போட்டதிலேயே சுத்தமான நிறம் அதுதான். மேசையில் தலையை வைத்து அழுதேன்.

பம்பின் பெயர் தெரியும், அதன் வடிவம் தெரியும், எந்தெந்த மருந்தை எறியும் என்று தெரியும். ராத்தாவுக்கு மாற்றிக் கொடுக்கக்கூடியதாக இருந்தவற்றையும் எறியும் என்று தெரியும். அடைக்கத்தான் தெரியாது. அடைக்க முயன்றவர்கள் தட்டில் வளர்த்த கலங்களில் வென்று, ஆட்களில் தோற்றார்கள். ஒரு தகடு மட்டும் தீர்ப்பு இல்லை என்று பேராசிரியை சொன்னார். கரையாத கட்டியை அவர் தொட்டுப் பார்த்ததில்லை.

ராத்தாவின் நம்பருக்கு எடுத்தேன். எடுத்தது உம்மா.

"நிறம் புடிச்சிச்சா மகள்? ராத்தா செல்லினா, நீ என்னமோ நிறம் போட்டுப் பாக்கிறயாம்."

எல்லாம் சொல்லித்தான் வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். "ஓம் உம்மா, புடிச்சிரிக்கி. ராத்தாட்டக் குடுங்க."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று உம்மா போட்ட சத்தத்தில் போனைக் காதிலிருந்து எடுத்தேன். "புடிச்சிட்டாம்! மருந்து புடிச்சிட்டாம்!" என்று வீட்டுக்குள் ஓடுவது கேட்டது. நான் உம்மா, உம்மா என்று கத்தினேன். இணைப்பு போய்விட்டது. திரும்ப எடுக்க எடுக்க யாரும் தூக்கவில்லை. சாயம் போட்டே பிள்ளை வளர்த்தவளிடம் நிறம் பிடித்தது என்றால் அவள் வேறு என்னத்தை நினைப்பாள்? யாரை ஏச?

அடுத்த நாள் பஸ் பிடித்து ஊருக்குப் போனேன். வழி முழுக்க உம்மாவிடம் சொல்லவேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் வாயில் நிற்கவில்லை. வீட்டுக்குள் நுழையும்போது உம்மா பாற்சோறு காய்ச்சி அயலெல்லாம் கொடுத்து முடித்திருந்தா. பெருநாளைக்கு உடுத்த சேலையை எடுத்து உடுத்திருந்தா. என்னைக் கட்டிப்பிடித்து நெற்றியில் கொஞ்சி, "என்ட புள்ள படிச்சது வீண்போகல்ல" என்று அழுதா. நான் விலகிக் கொட்டில் பக்கம் போனேன்.

ராத்தா கொட்டில் வாசலில் அதே கதிரையில் இருந்தாள்.

"உம்மா ஓடி வந்து செல்லக்குள்ளயே எனக்கு வெளங்கிட்டு, பம்பு இரிக்கி எண்டு" என்றாள்.

"நான் உம்மாட்டச் செல்றன். இப்பவே செல்றன். நிப்பாட்டுவம் ராத்தா."

"செல்லாத."

"நீங்கதானே கேட்டீங்க?"

"கேட்டன்தான். அவட மொகத்தப் பாத்தயா? கட்டி திரும்ப வந்ததில இருந்து அவ சோறு தின்னல்ல. நேத்துத்தான் என்ட பக்கத்தில இருந்து தின்டா. அதப் புடுங்கி எடுக்க உனக்கு ஏலுமா? எனக்கு ஏலா." கையை நீட்டி, "படம் இரிக்கா?" என்றாள்.

நுணுக்குக்காட்டியில் எடுத்தது போனில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவள் போனை வாங்கி, வெயில் படாமல் முந்தானையால் மறைத்து, விரலால் பெருப்பித்துப் பார்த்தாள். நூலைப் பார்க்கிற அதே பார்வை.

"எத்தின தரம் கழுவின?"

"ஒவ்வொண்டுக்கும் பொறகு."

"கழுவியும் போகல்ல." தலையை ஆட்டினாள். "வடிவான நிறம் புள்ள. இந்த நீலத்துக்கு இந்த மண்ணிறம் கர போட்டா, சாறன் சும்மா வித்துப் பறக்கும்."

நான் வாய்விட்டு அழுதேன். அவள் அழவில்லை. கோபம்தான் வந்தது அவளுக்கு. போனை என் மடியில் போட்டு, "அடைக்க ஏலாட்டி என்னத்துக்குப் புள்ள இத இவ்வளவு வடிவாக் கண்டுபுடிச்சி வெச்சிரிக்கீங்க?" என்று கேட்டாள்.

உம்மா கோப்பையில் பாற்சோறு கொண்டுவந்தா. சீனி தூக்கலாகப் போட்டிருந்தது. புண் வாய்க்கு அது நெருப்பு. ராத்தா ஒரு பருக்கை விடாமல் தின்றாள். கண்ணில் தண்ணீர் வந்தது. உம்மா அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டா.

"அடுத்த தரம் நானும் வாறன் மகள், மருந்தேத்த" என்றா உம்மா.

"ஓம் உம்மா, வாங்க" என்றாள் ராத்தா.

அடுத்த கிழமை எல்லோரும் வேனில் போனோம். பிள்ளை வறண்ட தலையோடு வாசலில் நின்று கை காட்டினாள். ஆஸ்பத்திரியில் ராத்தாவைக் கட்டிலில் படுக்கவைத்து, நரம்பு தேடிக் குத்தினார்கள். சிவப்பு மருந்து சொட்டுச் சொட்டாகக் குழாயில் இறங்கியது. ஒவ்வொரு சொட்டும் உள்ளே போவதையும், அங்கிருந்து தள்ளப்படுவதையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ராத்தா கண்ணை மூடிக்கொண்டு என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

உம்மா தஸ்பீஹ் மணி உருட்டுவதை நிறுத்திவிட்டு என் பக்கம் குனிந்தா.

"நல்லாப் புடிக்குது, என்ன மகள்?"

"ஓம் உம்மா" என்றேன்.