மூன்றாவது இரும்புக்கை

இந்தியாவில் இருந்த அகதி முகாமை விட்டு மன்னாருக்குத் திரும்பி வருடங்கள் கடந்தும், இரும்பு அடிபடும் சத்தம் கேட்டால் யுத்தகாலத்து ஷெல் விழுவதுபோல என் உடல் நடுங்கும். என் மகனோ பக்கத்துத் தாழ்வுபாட்டுக் கிராமத்தில் வாகனம் திருத்தும் கராச் வைத்திருக்கிறான்.

அவன் ஒரு பழைய சின்ன லொறியை வாங்கி, அழகுக்காக நிலத்தைத் தொடும் அளவுக்குத் தாழ்த்தினான். "தம்பி, இது லொறியோ, தெருக் கூட்டுற தும்புத்தடியோ?" என்று அயலவர் கேலி செய்தார்கள்.

தாழ்த்திய லொறிக்குப் பழைய பாகங்கள் பொருந்தவில்லை. முன்சில்லுகளைத் தாங்கிப் பிடிக்கும் இரும்புக்கைகளை அவனே வெட்டி, வெல்டிங் செய்து ஒட்டினான். ஓடும்போது அந்த ஒட்டு விட்டுப்போனால் சில்லு சரிந்துவிடும் என்று அறிந்த நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. "அதில நீ ஏறக்கூடாது" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் அவன் என்னைக் கராச்சுக்குக் கூட்டிப்போனான். லொறிக்கு இரண்டு கைகள் போதும். அவன் மூன்று செய்திருந்தான். மூன்றாவது, மேசையில் வைஸ் என்ற இரும்புப் பிடியில் இறுக்கியிருந்தது.

"இது ஏனடா?"

"உடைக்கத்தான் அம்மா. நீங்களே அடியுங்கோ." சம்மட்டியை நீட்டினான்.

"நானோ? சத்தம் கேட்டாலே எனக்கு..."

"ஓம், தெரியும். இது நீங்கள் போடப்போற சத்தம்."

முதல் அடிக்குக் கண்களை மூடிக்கொண்டேன். பிறகு மூடவில்லை. தோள் வலிக்கும்வரை அடித்தேன். இரும்பு வளைந்தது, ஒட்டில் மயிரிழை வெடிப்புக்கூட இல்லை.

"காணும் அம்மா, நிப்பாட்டுங்கோ, மேசை உடையப்போகுது!" என்று சிரித்தான்.

அன்று மாலை அவனருகில் அமர்ந்து மன்னார்ப் பாலம்வரை போய்வந்தேன். வழி முழுக்கக் கதவுப்பிடியை விடவேயில்லை. "பயப்படாதேங்கோ" என்று எனக்குச் சொல்லாதவர்கள் இல்லை. சம்மட்டியைக் கையில் தந்தவன் என் பிள்ளை மட்டும்தான்.